ஆணியும் பெயரும் இருக்கின்றன, படம் வில்லாபுரத்தில் இருக்கிறது

இந்தக் கலை மன்ற ஆண்டுவிழாவின் தலைமை நாற்காலியை அணிசெய்யும் ஐயா சாம்பசிவம் அவர்களே, என் ஓவியங்களை ஆண்டு தவறாமல் திருப்பி அனுப்பிய தேர்வுக்குழுப் பெரியோர்களே, புழுக்கத்தைப் பொறுத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டிருக்கும் என் வில்லாபுரத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்!

நன்றி சொல்ல வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்களா? இவனுக்கு நன்றி சொல்லவும் வருமா என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. வரும் ஐயா, வரும். யாருக்கு என்பதுதான் கேள்வி.

எனக்குப் பின்னால் பாருங்கள். சுவரில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே என் பெயர். நடுவே படம் இல்லை. ஏன் இல்லை?

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் படத்தோடு இதே மன்றத்தில் நின்றேன். அதில் உருவம் கிடையாது. சிவப்பு, கருப்பு, குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. நம் தலைவர் சாம்பசிவம் ஐயா பார்த்தார்.

"என்ன சார், கை தொடச்ச துணியைக் கொண்டு வந்துட்டீங்க?" என்றார்.

சபை சிரித்தது. நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை. இனித் தூரிகையைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்து, படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வில்லாபுரத்தில் எங்கள் தெருவிலேயே முத்திருளன் கடை. சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்த டிவியும் வீடியோ கேம் பெட்டியும்தான் கடை; காசு கொடுத்து, வரிசையில் நின்று ஆடுவார்கள். சாயங்கால வெயில் நேரே திரையில் விழும். ஆடுகிறவன் கண்ணுக்கு எதிரி தெரியமாட்டான், அவன் குண்டு மட்டும் வந்து சேரும். முத்திருளனின் மனைவி ஜெயக்கொடி என் அக்குளைப் பார்த்தார்.

"அண்ணே, அது என்ன துணி? வாசல்ல மாட்டிக்கிறட்டுமா? வெயிலு தாங்கல."

"மாட்டிக்கம்மா. அதுக்காவது ஆகட்டும்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் கடைக்குள் போனேன். மேற்கு வெயில் படத்துக்குப் பின்னால் நின்றது. வண்ணம் மெலிந்த இடமெல்லாம் தணலாகக் கனன்றது. நான் வரைந்த படம், நான் பார்த்திராத படம்! தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள் திரையை விட்டுவிட்டு அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள, இந்தச் செவப்புக்குள்ள மாட்டுனா வெளியே வர வழி இருக்கா?" என்றார் மில்லில் வேலை பார்க்கும் சோணை.

"அந்த மஞ்சக் கோட்டைப் பிடிச்சு மேல போகணும்டா" என்றார் ஆட்டோ ஓட்டும் பேச்சிமுத்து.

"அது வழியில்ல, வெடி! வீடியோ டெக்குல போட்டாகளே ஜப்பான் பொம்மைப் படம், அதுல ரோபோ வெடிக்கையில வானம் இப்படித்தான் கிழியும்" என்றார் சோணை.

"நீ எல்லாத்துலயும் ரோபோவப் பாக்குற. அண்ணே, வரைஞ்ச ஆளு நீங்க, சொல்லுங்க. வழியா, வெடியா?"

படித்தவன் நான், பட்டம் பெற்றவன் நான். என்ன சொல்வேன்?

"எனக்கும் தெரியலப்பா" என்றேன்.

"அப்ப நீங்களும் வரிசையில நில்லுங்க!"

நின்றேன். சிரித்தேன். என் படத்தைப் பார்த்து எத்தனையோ பேர் தீர்ப்புச் சொன்னார்கள். பேச்சு யார் கொடுத்தார்கள்? அந்த வாரமே மறுபடியும் தூரிகையைத் தொட்டேன்.

இவ்வாண்டு மன்றத்தில் புதுமைப் பிரிவு பிறந்திருக்கிறது. தலைவரே என் வீடு தேடி வந்து அதே படத்தைக் கேட்டார். எனக்கு ஆசை இல்லையா? இருந்தது. சிரித்த சபையின் சுவரிலேயே மாட்டிப் பார்க்கும் ஆசை! எடுக்கப் போனேன்.

"உங்க பொருளு, எடுத்துக்கங்கண்ணே" என்றார் ஜெயக்கொடி. "அந்த மண்டபத்துக்குள்ள சாயங்கால வெயிலு வருமா?"

"வெயிலு கெடக்கட்டும் மதினி. பேச விடுவாங்களா?" என்றார் பேச்சிமுத்து.

இங்கே வந்து பார்த்தேன். மேற்கே சன்னல் இல்லை. தூணுக்குத் தூண் 'அமைதி காக்கவும்' என்ற பலகை இருக்கிறது. படத்தை ஜெயக்கொடி வாசலிலேயே விட்டுவிட்டேன்.

கடைசி வரிசையில் கைதட்டுகிறார்கள். தட்டுங்கள், தட்டுங்கள், பலகையைப் பார்க்காதீர்கள்! நான் கோபத்தில் வரைவதை நிறுத்தினேன்; நீங்கள் வாயாடியே வரைய வைத்தீர்கள். நன்றி, நன்றி, நெஞ்சு நிறைந்த நன்றி!

தலைவர் அவர்களே, ஒருநாள் சாயங்காலம் வில்லாபுரத்துக்கு வாருங்கள். அங்கே தலைமை நாற்காலி கிடையாது, நிற்க வேண்டும். வழியா வெடியா என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். நகர்ந்து இடம் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தார்கள்.

வணக்கம்.