பட்டை உரியாத வெட்டு

காலை ஒன்பது இருபது. எக்ஸ்ரே அறை வாசலில் முதலில் கண்ணில் பட்டது, கழுத்திலிருந்து துணியில் தொங்கிய ஒரு வீங்கிய வலக்கை. கைக்குச் சொந்தக்காரர் இடக்கையால் செல்போனை மச்சானிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"கை கெடக்கட்டும். வெட்டு எப்படி விழுந்திருக்கு பாரு. கீழ விழுந்து எழுந்ததும் இதத்தான் போட்டோ எடுத்தேன்."

"மரம் நல்லாத்தான் இருக்கு மாமா. உள்ள வெளிச்சம் எறங்குது."

"நம்ம நெல்லித்தோப்பு ஏரியாவுல வேற எவன் வீட்டு மாமரம் இப்படி இருக்கு, சொல்லு."

"ஏணிய எதுல சாத்துனீங்க?"

"பெரிய கிளையில."

"வெட்டுனது?"

அவர் போனைப் பார்த்தார். "அதே கிளைதான். ஆனா அடியில கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம்தான் மேல அறுத்தேன். அதான் பட்டை உரியல."

"கரண்டு கம்பிய ஒட்டி ஒரு கிளை நிக்குதே. அதுக்கு மரம் வெட்டுற ஆளுங்கள அக்கா வரச் சொல்லிடுச்சு."

"வரட்டும். கரண்டுகிட்ட நான் போவ மாட்டேன். ஆனா நான் கவாத்து பண்ண கிளைங்கள எவனும் தொடக் கூடாது."

"அதையும் அக்கா சொல்லிடுச்சு மாமா."

உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. எக்ஸ்ரே எடுப்பவரிடம் அவர் முதலில் காட்டியது போட்டோவை.