கை கழுவிய தண்ணீரும் டாக்டர் ஜெயம் பார்த்த குழாயும்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஷிப்டு முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்து நிற்கும் தம்பிகளே, சுங்குவார்சத்திரத்துத் தாய்மார்களே! போன வியாழக்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப் போன டாக்டர் ஜெயத்தின் தாய்மாமன் கோபால் பேசுகிறேன். எட்டாவது படித்தவன். ஆனால் என் தங்கச்சி மகளுக்கு ஈரல் எந்தப் பக்கம் என்று முதலில் காட்டிக் கொடுத்தவன் நான்தான்!

இரங்கல் கூட்டத்தில் அழ வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஏன்? மூன்றாவது வரிசையைப் பாருங்கள். கிளியம்மாளுக்குக் கண் இரண்டும் மஞ்சள். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறாள். பக்கத்தில் யார்? அவள் புருஷன், காமாலை வைத்தியர் பலராமன்! ஜெயத்தின் படத்துக்கு மாலை போட வந்திருக்கிறார்!

ஜெயம் தன் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் கொண்டுவந்த நாளில் இந்த ஊர் என்ன சொன்னது? “வயித்துல பசையைத் தடவிகினு டிவி பாக்குது இந்தப் பொம்பளை” என்றது. சொன்ன வாய்களை எல்லாம் இன்று கைக்குட்டை மூடியிருக்கிறது. தூ! அந்த மெஷின் கப்பலில் வந்து இறங்கியபோது மெட்ராஸ் துறைமுகமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது!

பலராமன் வைத்தியம் தெரியாதவர் உண்டா? கையில் ஏதோ பட்டைச்சாறு தடவுவார், சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார், தாம்பாளத்தில் மஞ்சளாக இறங்கும். காமாலை இறங்கிவிட்டதாம்! என் வீட்டுக்காரி செங்கமலத்துக்கு இருபது நாள் இறக்கினார். அவள் பூசணிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டாள். சேதி கேட்ட ஜெயம் நேராகப் பலராமன் வாசலுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

“அண்ணே, எனக்கும் ஊத்துங்க.”

ஊற்றினார். மஞ்சள்!

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே அண்ணே?”

“உள்ள கீதும்மா. உனுக்குத் தெரியல.”

“அப்ப உங்க கையில ஊத்துங்க.”

ஊற்றினாரா? தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர்தான்!

அன்றே செங்கமலத்தைப் படுக்கவைத்து ஸ்கேன் பார்த்தாள் டாக்டர் ஜெயம். “மாமா, இதான் பித்தம் குடலுக்குப் போற குழாய். விரல் தண்டிக்கு வீங்கியிருக்கு பாருங்க. கீழ வெள்ளையாத் தெரியுதே, கல்லு. அது அடைச்சிக்கிட்டு நிக்குது. பித்தம் ரத்தத்துல ஏறித்தான் அத்தைக்கு உடம்பெல்லாம் அரிக்குது. இன்னும் நாலு நாள் விட்டா சீழ் பிடிச்சிடும்” என்றாள். மெட்ராஸில் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். எலுமிச்சம்பழம் அளவு கல்! படம் பார்த்துச் சொன்னது யார் என்று முப்பது டாக்டர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்!

பலராமா, அவளுக்கா மாலை போடுகிறாய்? பன்னிரண்டு நாளாய் உன் பெண்டாட்டி கையைக் கழுவிக்கொண்டிருக்கிறாய். ஸ்கேனுக்குக் கூட்டிப்போ என்றால் சற்று முன் வாசலில் என்ன சொன்னாய்? “என் வூட்டுப் பொம்பளையே போனா, நாளைக்கு எவன் என்னாண்ட வருவான்?” உன் பேர் நிற்க வேண்டும், அவள் சாக வேண்டுமா?

ஜெயத்தின் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் ஆளாளுக்கு உறுதி சொன்னார்கள். வாயால் சொன்ன உறுதி யாருக்கு வேண்டும்? ஜெயத்தின் மெஷினில் படம் பார்த்துச் சொல்ல இனி இங்கே ஆள் இல்லை, காஞ்சிபுரத்தில் ஸ்கேன் இருக்கிறது. வெளியே டிரைவர் அன்புவின் வேன் நிற்கிறது. மௌன அஞ்சலியைப் போகிற வழியில் செலுத்திக்கொள்கிறோம்.

கிளியம்மா, எழுந்திரு. செங்கமலம் கூட வருவாள்.

பலராமா, காலை மடக்கு. அவள் வெளியே வரட்டும்.