மூன்று மாத முடி

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை தலையில் துண்டு கட்டியிருந்தாள். மடியில் புது டோப்பா இருந்த அட்டைப்பெட்டி.

"சாமிக்கு முடி குடுத்தேன்னு சொல்லியிருக்கக் கூடாதுங்கக்கா," என்றாள்.

"வேற என்னத்தச் சொல்றது? மார்ல கேன்சருன்னு தெரிஞ்சா உம்புள்ள பாப்பாளைக் கட்ட எவன் வருவான்?"

"மொட்டை போட்டு மூணு மாசமாச்சே, இன்னும் முளைக்கலியான்னு பக்கத்து ஊட்டுல கேக்கறாங்க. கீமோ முடியாம எங்கிருந்து முளைக்கும்?"

"அதுக்குத்தான கண்ணு, நீளமானதையெல்லாம் வேண்டான்னு ரண்டு வெரக்கடை முடியாப் பாத்து வாங்குனோம். மொட்டையில முளைச்ச மாதிரியே இருக்குது. பாப்பாளைப் பாக்க வாரவங்களுக்குத் தெரியாது."

"கண்ணாலத்தப்பவும் இதே அளவுல இருந்தா?"

அக்காள் தன் கழுத்தருகே கையை வைத்துக் காட்டினாள்.

"அப்பக் கழுத்து வரைக்கும் வாரது ஒண்ணு வாங்கிக்கலாம்."

"கடையில வாங்குன திருநீறைக் கோயில் பிரசாதம்னு ஊடு ஊடாக் குடுத்தேனுங்கக்கா. அதை நெனச்சாத்தான் பயமா இருக்குது."

"சாமிக்குத் தெரியாதா? நீ இதைப் போட்டுக்கிட்டு அடுப்புக்கிட்டப் போயிராத, பொசுங்கீரும். பச்சத் தண்ணியில அலசி நெழல்ல காயப்போடு. பதனமா வெச்சிருந்தா ஒரு வருசம் தாங்கும்னு கடைக்காரரு சொன்னாருல்ல?"

தங்கை பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"அது தாங்கீரும்ங்கக்கா. நான் தாங்கோணுமே."