ஆறு வித்தியாசங்கள்

சுவாமி, ஐபேட்டில் கீறிய படத்துக்குச் சிவப்பு நிறம் பூசுவது பார்ப்பவர்கள் நினைக்கிற மாதிரி லேசான வேலை இல்லை. கீறின கோட்டில் மயிரளவு இடைவெளி இருந்தால் போதும். நத்தார் பாப்பாவின் சட்டைக்கு ஊற்றிய சிவப்பு தாடி, பனி, வானம் எல்லாவற்றையும் நனைத்துவிடும். அதனால் கோட்டை முழுதாக மூடாமல் நான் நிறத்தைத் தொடுவதில்லை. இந்த அந்தோனிதாஸ் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை.

இந்தக் கூண்டுக்குள் வந்து பாவசங்கீர்த்தனம் செய்து நாலு மாதமாகிறது. சொல்லும்படியான பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் மனுசி செசீலியா கோயில் வாசலில் நிற்கிறாள். "பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுற ஆளுக்கு இனி என்ர வீட்டில சாப்பாடு இல்லை" என்கிறாள்.

சுவிஸில் எங்கட லாங்கன்தால் கோயில் ஒளிவிழாவில் பதினொரு வருடம் நான்தான் நத்தார் பாப்பா. நீங்கள் வந்து ஆறு மாதம்தானே, பார்த்திருக்க மாட்டீர்கள். தலையணை கட்டாமலே எனக்குச் சட்டை நிறையும். நான் சிரித்தால் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையும் சிரிக்கும். ஒக்டோபர் கூட்டத்தில் செயலாளர் ஸ்ரான்லி, "அண்ணைக்கு முழங்கால் ஏலாது, பாவம். இந்தமுறை புது ஆளைப் போடுவம். அண்ணை அழைப்பிதழுக்குப் படம் கீறட்டும்" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிள்ளைகள் இன்னொருவரிடம் ஓடுவதை நினைக்க அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

படம் வடிவாக வந்தது. குண்டுக் கன்னம், கண் மூடிய சிரிப்பு. இடது கன்னத்தில் என்னுடைய மச்சம் எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. அழைப்பிதழின் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கட்டும் என்று ஒரு விளையாட்டுச் சேர்த்தேன். அசல் பாப்பா ஒருவர், கள்ளப் பாப்பா ஒருவர்; ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். படத்தைப் பிரதி எடுத்து, கள்ளரின் வயிற்றை உள்ளே தள்ளினேன். விரலால் இழுத்து நெட்டையாக்கினேன். வட்டக் கண்ணாடி, வலக்கையில் பெரிய கறுப்பு மணிக்கூடு, மலையேறுகிற சப்பாத்து. ஆறாவதாக, மணியை இடக்கையில் கொடுத்தேன்.

அச்சுக்கு முன் குழுவுக்குக் காட்டினேன், மறைக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் பெயர் சரியாக, பெரிதாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். பின்பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை. நீங்களும்தான்.

விழாவன்று புதுப் பாப்பா இடக்கையால் மணி ஆட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். ஏழு வயது அக்‌ஷயா கதிரையில் ஏறி, "ஆறும் இருக்குது! இவர்தான் கள்ளர்!" என்று கத்தினாள். நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் பாய்ந்தார்கள். கண்ணாடி ஒரு பக்கம், தாடி ஒரு பக்கம். "ஐயோ, விடுங்கோ பிள்ளையள்!" என்று தாய்மார் ஓடினார்கள். நான் ஓடவில்லை, எனக்கு முழங்கால் ஏலாதுதானே.

அந்தப் புதுப் பாப்பா நீங்களாகப் போனதில் எனக்கு மெய்யாகவே மனவருத்தம், சுவாமி. மூக்கு வீக்கம் வற்றிவிட்டதோ? இந்த வலைக்குள்ளால் சரியாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படத்துக்குக் கீழே, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்க டொச் மொழியில், "கள்ளப் பாப்பாவின் தாடியை முதலில் இழுப்பவருக்குப் பெரிய சொக்கிலேட்" என்று சின்ன எழுத்தில் போட்டதும் நான்தான். பிள்ளைகளுக்குத் துணிச்சல் வரட்டும் என்று போட்டது. அக்‌ஷயாவுக்குக் கொடுத்தும்விட்டேன், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

நீங்கள் மூக்கில் ஐஸ் வைத்தபடி குசினியில் இருந்தபோது, சின்னதுகள் அழத் தொடங்கிவிட்டன. பரிசுகளை யாராவது கொடுக்கத்தானே வேண்டும்? நல்ல காலம், என் பழைய சிவப்புச் சட்டை கார் டிக்கியில் கிடந்தது. தாடியும் கிடந்தது, மணியும் கிடந்தது. அந்த வேஷத்தில் எனக்கு ஒரு ஆசையும் இல்லை, சுவாமி. முதல்நாளே சட்டையை அயன் பண்ணி வைத்தது தற்செயல்.