பெட்டிகளைப் பிரித்த இருசம்மாள் அம்மையாருக்கு

சிற்றேரிக்குடிக் கிளை நூலகத்தைத் தாங்கி நின்று, இன்று பணி நிறைவு பெறும் நூலகர் அம்மையே! பழுதுக்குப் பகையே, பாழுக்கு மாற்றே! முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்காமல் முகத்துக்கு நேரே ஏசும் எங்கள் மூத்தவரே! வாழிய தாங்கள், வாழிய தங்கள் வாய்!

இத்தகைய மடலில் ஓய்வு பெறுவோரை மலர் என்போம், மணி என்போம், மெழுகுவத்தி என்போம். தங்களை மெழுகுவத்தி என்றால் எழுந்து வந்து பிடுங்கிக் கிழித்துவிடுவீர்கள். மேலும், தங்களிடம் வேலை பார்த்த எங்களுக்கு இன்று கோபமாக இருக்கிறது. பாராட்ட வந்த இடத்தில் கோபம் தகாது என்பார்கள். தகாததைச் செய்த அலுவலர் பொன்னாடை போர்த்தி மேடையில் அமர்ந்திருக்க, நாங்கள் மட்டும் தகவு பார்ப்பானேன்?

சென்ற ஆண்டு ஆயுத பூஜை வரை இந்த நூலகத்தில் ஓடியது ஒரே ஒரு கணினி. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துப் பழுதான கணினிகளெல்லாம் ஏலத்துக்குக் காத்து, நம் பின்னறையில் எலிகளுக்கு வீடாகிக் கிடந்தன. வாசகர் வட்டத் தலைவர் பிச்சைமுத்து ஐயா, பக்தி மேலிட்டுச் சந்தனத்தை நீர்க்கக் கரைத்து, ஓடிய அந்த ஒன்றின் காற்றுத் துளைகளின் மேலேயே பூசிவிட்டார். மறுநாள் பொத்தானை அழுத்தினோம், புகை வந்தது. "சாமிக்கே மூக்க வுட்டுட்டுத்தாங்க சந்தனக்காப்பு சாத்துறாங்க" என்று அவரிடம் தாங்கள் சொன்னது இன்றும் இவ்வூரில் வழங்குகிறது.

அன்று சிரித்தோம், ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் அரசு வேலைக்கு விண்ணப்பித்தது அந்தக் கணினியில்தான். கைக்குழந்தையோடு வந்த கலையரசி, தனக்கு வயது வரம்பு இந்த ஒரு தேர்வோடு முடிகிறது என்று அழுதார். புதுக் கணினி கேட்டு மேலிடத்துக்கு எழுதினோம். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பரிசீலனைக்குத்தான் வயது வரம்பே கிடையாதே!

தாங்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னறைக்குள் புகுந்தீர்கள். ஒரு பெட்டியில் பவர் சப்ளை, ஒரு பெட்டியில் மதர்போர்டு, மற்றொன்றில் எலி மிச்சம் வைத்த வயர் என்று தேடித் துருவித் திரட்டினீர்கள். கறுத்துப் போன ராம் நினைவக அட்டையின் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தீர்கள். பொருத்திய முதல் நாள் அது விடாமல் பீப் என்று கத்தியது. தாங்களும் விடாமல் அதை வைதீர்கள். கடைசியில் தங்கள் வாய்க்குப் பயந்தோ என்னவோ, பொங்கலுக்கு முன்பே திரையில் வெளிச்சம் வந்தது. மூடி பொருந்தாததால் சணல் கயிற்றால் கட்டி மேசையில் ஏற்றினீர்கள். அதன் முன் முதலில் அமர்ந்தவர் கலையரசி. இன்று அவர் தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறார்.

பிறகு ஆய்வு வந்தது. ஆய்வு அலுவலர் ஓடும் கணினியைத் தொட்டும் பார்க்கவில்லை. செத்த பெட்டிகளைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைகிறது என்றார். ஏலம் போகும்வரை செத்தது செத்தபடியே இருக்க வேண்டுமாம். கணினியைப் பிரித்து, பாகங்களை அதனதன் பெட்டிக்குள் திரும்ப வைத்தால்தான் தங்களுக்குத் தடையின்மைச் சான்றாம். இல்லையேல் ஓய்வூதியக் கோப்பு நகராதாம். ஐயா, உயிரோடிருப்பதைக் கொன்று பிணத்தின் கனத்தைச் சரிசெய்வதற்குப் பெயர் நிர்வாகமா?

பெட்டிகளைப் பிரித்தது யார் என்று அவர் கேட்டபோது, வாய் திறக்கப் போன எங்களைக் கையமர்த்திவிட்டு, நாற்காலியை விட்டு எழாமலே தாங்கள் சொன்னீர்கள்: "நான் ஒருத்திதான் பிரிச்சேன், எழுதிக்கங்க. ஆனா இதப் பிரிக்க மாட்டேன்."

அம்மையே, தாங்கள் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அந்த 'ஒருத்தி'தான். டார்ச் பிடித்தவர் கொளஞ்சியம்மாள். திருகுகளைக் கழற்றியவர் முத்தமிழ்செல்வன். எலிப்புழுக்கையைக் கூட்டி அள்ளியவர் பூவிழி. லினக்ஸ் இயங்குதளம் ஏற்றித் தந்தவர் பிரேம்.

தங்கள் முட்டிவலி தீரட்டும், முன்கோபம் தீராதிருக்கட்டும். நோயின்றி நூறாண்டு வாழ்ந்து, அத்தனை ஆண்டும் யாரையாவது நியாயமாக ஏசிக்கொண்டிருக்க வாழ்த்துகிறோம்.

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வு அலுவலர் அவர்களே, அந்தக் கணினியை இன்று மாலைக்குள் பிரிக்கும்படி எங்களுக்குத் தாங்கள் அனுப்பிய ஆணை கிடைத்தது. பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டோம். இம்மடலின் ஒரு படி அம்மையாரின் வீட்டுச் சுவருக்குப் போகிறது. மற்றொரு படி தங்கள் மேசைக்கு வருகிறது. பெட்டிகளைப் பிரித்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். விடை கீழே கையொப்பமாக இருக்கிறது.

இங்ஙனம்,
பெட்டிகளைப் பிரித்தவர்கள்

கொளஞ்சியம்மாள்
முத்தமிழ்செல்வன்
பூவிழி
பிரேம்