தொட்டிக்குள் இறக்கிய மெழுகுவர்த்தி

அன்று காலை நான் காபி குடித்தேனா என்பது சரியாக நினைவில்லை. நீங்கள் கேட்பதால் யோசிக்கிறேன். கிழமைகூட மாறியிருக்கலாம். மெழுகுவர்த்தியைப் பற்றி மட்டும் தவறாகச் சொல்ல மாட்டேன்.

பெங்களூருக்கு வெளியே, ஹெப்பகோடிக்கு அப்பால் உள்ள அந்தச் சின்ன ஒயின் கூடத்தில் ஏழு வருடம் ஒயின் தயாரித்தேன். பிரான்சின் பர்கண்டியில் இரண்டு அறுவடை பார்த்தவன் என்பதற்காகவே முதலாளி பத்ரிநாத் என்னை எடுத்தார். அங்கே செய்வதையே இங்கும் செய்தோம். வெயில் ஏறுவதற்குள் திராட்சைக் குலைகளைக் கையால் வெட்டி, அழுகிய மணிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நான்கு நாள் குளிரில் ஊற வைப்போம். ஈஸ்ட் போடுவதில்லை; தோலில் இருப்பதே போதும். புளிக்கத் தொடங்கியதும் தோல்கள் மேலே வந்து தடித்த ஆடையாக மிதக்கும். அதைக் காலால் மிதித்து அமிழ்த்த வேண்டும்.

இறங்குவதற்கு முன் ஒரு விதி உண்டு. புளிக்கும் சாறு விடும் வாயு கண்ணுக்குத் தெரியாமல் தொட்டிக்குள் தேங்கி நிற்கும். கம்பியில் கட்டிய மெழுகுவர்த்தியை உள்ளே விட்டுப் பார்ப்போம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் விசிறியைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். பார்ப்பவன் நான். மிதிப்பவள் என் உதவியாளர் பாமா, லிங்கராஜபுரத்துப் பெண்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் என் மோப்ப சக்தி போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பாமா முகர்ந்து சொல்வதை வேறு வார்த்தைகளில் பத்ரிநாத்திடம் சொல்வேன். யாராவது கோப்பையை நீட்டினால் உள்ளங்கை வியர்த்துவிடும். தூக்கத்தில்கூட அந்தப் பயம் போகாது.

அன்று பாமா இரண்டு கோப்பைகளை நீட்டினாள். ஒன்றில் செர்ரி, மற்றதில் ஈர மண் என்றேன்.

"ரெண்டும் ஒரே டேங்க்கு, அண்ணா. ஜலதோஷம்னு இன்னும் எத்தன நாள் சொல்லுவீங்க?"

கோப்பைகளை வாங்கிக் கீழே வைத்தேன்.

"மத்தியானம் சார் வராரு. நான் பக்குவமா சொல்றேன். நல்ல டாக்டர்கிட்ட காட்டலாம். பயப்படாதீங்க, அண்ணா."

இரக்கத்தோடுதான் சொன்னாள். அதன் பிறகுதான் மெழுகுவர்த்தியை ஏற்றித் தொட்டிக்குள் இறக்கினேன்.

குழாயடியில் கால் கழுவிக்கொண்டே, "எரியுதா?" என்று கேட்டாள். கம்பி என் கையில் இருந்தது.

"எரியுது. இறங்கு."

ஏணியிலிருந்து இறங்கி மூன்று அடி வைத்திருப்பாள்; அப்படியே சரிந்தாள். சத்தமே இல்லை. மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றி வைத்தேன். விசிறியைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் கழித்து ஆட்களைக் கூப்பிட்டேன். அதற்கு முன் யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பது விதி.

பாமாவைக் கல்பள்ளி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பத்ரிநாத் அந்தத் தொட்டியைச் சாக்கடையில் திறந்துவிட்டுக் கூடத்தையும் மூடிவிட்டார். நான் காக்ஸ் டவுன் வீட்டிலேயே இருந்தேன்; யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். மெழுகுவர்த்தி அணைந்ததைப் பார்த்தேன், புகை எழுந்ததையும் பார்த்தேன். திரி கருகிய வாசனை மட்டும் எனக்கு வந்திருந்தால், அவளைத் தடுத்திருப்பேன்.