பீப் சத்தத்துக்கு முன்னாடி

இல்ல இல்ல, அடுப்புல வச்சா அந்தச் சாக்லேட் பால் சரியா வராது டாக்டர். அதான் பாப்பா வாயில வைக்க மாட்டேங்கறா. அடுப்புல வச்சா பால் ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கும், டைவர்ஸ் ஆன ஜோடி மாதிரி. அட, சிரிங்க டாக்டர், பரவால்ல. என் கதைதானே, நானே சொல்லலாம்.

உள்ள வாங்க. ஷூவக் கழட்ட வேணாம், தரைய நான் இன்னும் கூட்டல. பாப்பா சாமான் எல்லாம் அந்தக் கட்டில் மேல கட்டி வச்சிருக்கேன். ரெண்டு பை, புஸ்தகம் ஒரு அட்டைப்பெட்டி, ஸ்வெட்டர் தனியா. சைக்கிள் கீழ நிக்குது. உங்க கார் மேல வச்சுக் கட்டிடலாம், கயிறு இருக்கு. லிஃப்ட் மெக்கானிக் வீட்ல கயித்துக்கா பஞ்சம்? அதெல்லாம் அப்புறம். முதல்ல இப்படி சமையக்கட்டுக்கு வாங்க. செஞ்சே காட்டிடறேன். ஃபோன்ல சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவோம்.

கேக்கணும்னு தோணிச்சு பாருங்க உங்களுக்கு, அது பெரிய விஷயம். அவ சொல்லி அனுப்பினாளா, இல்ல நீங்களாவா?

ஓ, நீங்களாவா. ம். சரி.

பாருங்க, இன்னும் அவ இவன்னே வருது. இப்ப உங்க வீட்டுக்காரங்க, அவங்கன்னுதான் சொல்லணும். பத்து வருஷமா பழகின வாய், உடனே திரும்ப மாட்டேங்குது. தப்பா எடுத்துக்காதீங்க.

முதல்ல கப். இந்த மாதிரி வாய் அகலமா இருக்கணும். ஒல்லியா உயரமா இருக்கற கப்ப மைக்ரோவேவ்ல வச்சீங்கன்னா பால் சரசரன்னு பொங்கி வெளிய வந்துடும், உள்ள தொடச்சே மாளாது. அப்புறம், ஓரத்துல தங்கக் கலர்ல கோடு போட்டிருக்குமே, அது ஆகவே ஆகாது. எங்க கல்யாணத்துக்கு யாரோ குடுத்த செட்டு ஒண்ணு அப்படி இருந்துச்சு. உள்ள வச்சுப் பட்டனத் தட்டினேன் பாருங்க, பட்டாசு மாதிரி பொறி பறக்குது. நான் பிளக்கப் புடுங்க ஓடறேன், பாப்பா கை தட்டறா, இன்னொரு தடவை இன்னொரு தடவைன்னு. அப்ப அவளுக்கு மூணு வயசு இருக்கும்.

இப்ப சாக்லேட் தூள். இந்தக் கரண்டியில குமிச்சு ரெண்டு. சர்க்கரையும் ரெண்டு. ஆமா, பல் டாக்டர்கிட்டயே வந்து சர்க்கரைக் கணக்கு சொல்றேன், என் தைரியத்தப் பாருங்க. நீங்க வேணா ஒண்ணரையாக் குறைச்சுக்குங்க, ஆனா ஒரே நாள்ல குறைக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா. அவளுக்கு நாக்கு ரொம்ப நீளம். ருசி பாக்கறதுலயும் சரி, பேசறதுலயும் சரி. உப்பு ஒரே ஒரு சிட்டிகை. ஏன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. போடலன்னா கண்டுபிடிச்சுடுவா.

இதுல முக்கியமானது இதுதான். பால மொத்தமா ஊத்திடக் கூடாது. பாருங்க, ஒரு முழுங்கு பால் மட்டும் விட்டு, கொழகொழன்னு பசை மாதிரி குழைச்சுக்கணும். ஓரத்துல ஒட்டினதையும் வழிச்சு உள்ள தள்ளிக் குழைக்கணும். கட்டி தட்டிடுச்சுன்னா போச்சு. கடைசி வாயில ஒரு தூள் கட்டி நாக்குல தட்டுப்பட்டா அன்னைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிக் காமிப்பா. இப்ப மிச்சப் பால். கரண்டிய வெளிய எடுத்துட்டு உள்ள வைங்க. ஒரு நிமிஷம். வெளிய எடுத்துக் கலக்கணும். மறுபடி ஒரு அரை நிமிஷம். ஒரேயடியா வச்சா மேல கொதிக்கும், அடியில சில்லுன்னு இருக்கும்.

இருங்க இருங்க. நாலு, மூணு, ரெண்டு... திறந்துட்டேன். பாத்தீங்களா? பீப் அடிக்கறதுக்கு முன்னாடியே திறந்துடணும். உங்க வீட்ல அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும், அது ஒண்ணும் இல்ல. ஆனா பாப்பா திறந்துடுவா, அதப் பாத்து எதுக்கு இப்படிப் பண்றேன்னு கேக்காதீங்க.

அது ஒரு பழக்கம் டாக்டர். அவளுக்கு, அவங்களுக்கு, நைட் டியூட்டி வரும் இல்ல. ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா நின்னுட்டு காலையில வந்து படுப்பாங்க. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் கட்டில். இந்த மெஷின் இருக்கே, நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்தும். அதனால நானும் பாப்பாவும் காவல் காப்போம். அவ ஸ்டூல் போட்டு ஏறிக் கதவுல கை வச்சுக்கிட்டு, வாய மட்டும் அசைச்சு எண்ணுவா. சத்தம் வராது. ஒண்ணுன்னு வந்ததும் டப்புனு திறந்துட்டு என்னப் பாத்து நிப்பா, ஏதோ கோட்டையப் புடிச்ச மாதிரி. நாங்க மூணு பேரும் ஒரே வீட்ல இருந்த காலம் பூரா அப்படித்தான் போச்சு. ஒருத்தர் தூங்குவாங்க, ரெண்டு பேர் குசுகுசுன்னு பேசுவோம்.

சண்டையா? சண்டை எல்லாம் ஒண்ணும் கிடையாது. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் கிளம்பும்போது அவங்க வருவாங்க, அவங்க கிளம்பும்போது நான் வருவேன். கரண்ட் பில் கட்டியாச்சா, பாப்பாவுக்கு ஊசி எப்ப, அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, நாம பிரிஞ்சுடலாமான்னு கேட்டாங்க. கத்தல, அழல. நானும் சரின்னுட்டேன். சரின்னு சொல்லிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கிட்டேன். அவங்களுக்கு அதுதான் கோபம்னு பின்னாடி கேள்விப்பட்டேன். உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே. இல்லையா? சொல்லல போல. நல்ல மனசு.

இந்தாங்க, இப்பக் கலக்குங்க. நீங்கதான், நீங்க கலக்கினாத்தான் கை பழகும். பல்லு புடுங்கற கைக்கு இது எம்மாத்திரம். அப்படித்தான். மேல ஆடை படிஞ்சா கரண்டியால எடுத்துடுங்க. ஆடை உதட்டுல பட்டா உவ்வேம்பா.

அப்புறம் உங்களுக்குத் தெரியும். அவங்க நர்ஸ் ஹாஸ்டல்ல தங்கினாங்க, அங்க குழந்தைய வச்சுக்க விட மாட்டாங்க, அதனால பாப்பா எங்கிட்டயே இருந்தா. சனி ஞாயிறு அம்மா. மத்த நாள் அப்பா. உங்களக் கல்யாணம் பண்ணி வீடு வாசல்னு ஆனதும்தான் பாப்பா எனக்கு வேணும்னு கேஸ் போட்டாங்க. நியாயம்தானே. பெத்தவங்க கேக்காம யார் கேப்பாங்க? ஆனா நான் விடல. வக்கீல் வச்சேன். உசுரே போனாலும் குடுக்க மாட்டேன்னு ஊரக் கூட்டிச் சொன்னேன். நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன் டாக்டர். எனக்கு வேற யாரு?

குடிச்சுப் பாருங்க. சூடா இருக்கு, பாத்து. எப்படி? ம்... சர்க்கரை தூக்கல்னு சொல்லுவீங்கன்னு தெரியும். சரி, குடிங்க, உக்காருங்க. ஸ்டூல் ஆடும், சுவர் ஓரமாத் தள்ளிப் போட்டுக்குங்க.

இதை பாப்பாவுக்கு நான் போட்டுக் குடுத்தேன்னுதானே நினைக்கறீங்க? ஆரம்பத்துல அப்படித்தான். அப்புறம் மாறிடுச்சு. அவங்க போனதுக்கப்புறம் நான் வேலை முடிச்சு வந்தா, ஹால்ல அந்த நாற்காலியில உக்காருவேன். உக்காருவேன்னா, உக்காந்தே இருப்பேன். டிவி கிடையாது, ஃபோன் கிடையாது. குடிப்பழக்கம் எல்லாம் இல்ல, அது வேற. சும்மா. பாப்பா பாத்துக்கிட்டே இருந்திருக்கா. ஒரு நாள் ரெண்டு கப்பு எடுத்துட்டு வரா. அவளே குழைச்சு, அவளே வச்சு, பீப் அடிக்க விடாம திறந்து. அன்னைக்கு வீட்ல தூங்கறவங்க யாரும் இல்ல, ஆனாலும் திறந்திருக்கா. குடி அப்பா, ஆறிடும்னு சொன்னா. அப்புறம் தினமும் அதுதான். நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா உள்ள மெஷின் ஓடற சத்தம் கேக்கும். எனக்கும் நல்லா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

பக்கத்து பிளாக் லிஃப்டு எங்க கம்பெனிதான் பாக்குது. கேஸ் நடந்துக்கிட்டிருந்தப்ப ஒரு சாயங்காலம் லிஃப்டுக்கு மேல ஏறி உக்காந்து வேலை பாத்துக்கிட்டிருக்கேன். லிஃப்ட் ஏறி இறங்கற அந்தக் குழிக்குள்ள உக்காந்தா ஒவ்வொரு மாடியில பேசறதும் பக்கத்துல பேசற மாதிரி கேக்கும் டாக்டர். யார் வீட்ல என்ன சண்டைன்னு எல்லாம் எங்களுக்குத் தெரியும், நாங்க சொல்றதில்ல. கதவுக்கு அந்தப் பக்கம் பொண்ணுங்க நாலஞ்சு பேர் பேசிச் சிரிச்சுக்கிட்டு நிக்குதுங்க. அதுல ஒரு பொண்ணுக்குப் பிறந்த நாளாம், எல்லாரும் அவங்க வீட்ல படுத்துக்கலாம், படம் பாக்கலாம்னு ஒரே கும்மாளம். அப்ப ஒரு குரல். நான் வரலடி, எங்கப்பா தனியா இருப்பாரு. நான் போகலன்னா லைட் கூடப் போடாம உக்காந்திருப்பாரு. டைம் ஆச்சு, அவர் வர நேரம், பால் வைக்கணும்.

எங்க பாப்பா குரல்.

ஒன்பது வயசு டாக்டர். மாமியாருக்குப் பயந்து வீட்டுக்கு ஓடற மருமக மாதிரி பேசறா. டைம் ஆச்சாம். அவர் வர நேரமாம். கையில ஸ்பேனர் இருக்கு, அப்படியே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ படியில இறங்கி ஓடற சத்தம் கேட்டுச்சு, செருப்பு டப்பு டப்புனு. மத்ததுங்க மறுபடி சிரிக்க ஆரம்பிச்சுடுச்சுங்க. கீழ இருந்து ஹெல்பர் என்ன அண்ணே, முடிஞ்சுதான்னு கத்தறான். முடிஞ்சுதுன்னேன்.

வீட்டுக்கு வந்தா கப்பு ரெடியா இருக்கு. பார்ட்டிக்குக் கூப்பிட்டாங்களான்னு கேட்டேன். எந்தப் பார்ட்டின்னு என் மூஞ்சியப் பாத்துக் கேக்கறா. பொய் சொல்லத் தெரியாத பொண்ணு, எனக்காகக் கத்துக்கிட்டா.

இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். நிஜமா. பசிக்குது, சாப்பிடறேன். படுத்தாத் தூக்கம் வருது. வேலைக்குப் போறேன். நீங்க பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவீங்களே, அந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான். கன்னத்தக் கிள்ளினா யார் கன்னத்தையோ கிள்ளற மாதிரி. எத்தனை மணி நேரத்துல அது இறங்கும் டாக்டர்? சும்மா கேட்டேன். விளையாட்டுக்கு.

உங்கள அங்கிள்னுதான் கூப்பிடறாளா? இருக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க. அப்பான்னு கூப்பிடச் சொல்லாதீங்க. அவளுக்கா ஒரு நாள் வாயில வந்துச்சுன்னா, வேணாம்னும் சொல்லாதீங்க. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ராத்திரி போர்வைய உதைச்சுத் தள்ளிடுவா, அதை மட்டும் ஒரு தடவை எழுந்து பாத்தீங்கன்னா போதும். அப்புறம், பிறந்த நாளு, படம், பிரெண்ட்ஸ் வீடு, எதுக்குக் கூப்பிட்டாலும் அனுப்பிடுங்க. வேணாம்னு அவளே சொல்லுவா. திட்டியாவது அனுப்புங்க.

என்ன சொல்றீங்க? மன்னிப்பா? அட நீங்க எதுக்கு டாக்டர்? நீங்க என்ன பண்ணீங்க? கோர்ட்ல நடந்ததுக்கா? அதுல யார் மேலயும் தப்பில்ல. ஜட்ஜம்மா பாப்பாவ மட்டும் உள்ள கூட்டிட்டுப் போய், கதவச் சாத்திட்டுக் கேட்டாங்க, அவ அம்மாகூடன்னு சொல்லிட்டா. அத்தனை நாள் பாத்துக்கிட்ட அப்பாவ இப்படி ஒரு நொடியில விட்டுட்டாளேன்னு எங்க சொந்தக்காரங்க எல்லாம் வாயில வந்ததைப் பேசினாங்க. உங்க வீட்டுக்காரங்க கூட என்னப் பாக்க முடியாம தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. நீங்களும் அதை நினைச்சுக்கிட்டுத்தானே இப்ப கப்பக் கையில வச்சுக்கிட்டுக் குடிக்காம இருக்கீங்க? குடிங்க. ஆறிடும்.

நான்தான் சொல்லிக் குடுத்தேன் டாக்டர்.

கோர்ட்டுக்குப் போறதுக்கு முந்தின வாரம் பூரா, சாயங்காலம், ஹால்ல வச்சு. நான்தான் ஜட்ஜு. எழுந்து நின்னு சொல்லணும். யார்கூட இருக்க ஆசைன்னு கேப்பேன். அப்பாகூடன்னுவா. தப்பு, திரும்பச் சொல்லுன்னுவேன். நீ என்னப் போகச் சொல்றியாப்பான்னு கேட்டா. இல்ல பாப்பா, ஸ்கூல் டிராமாவுக்கு டயலாக் படிப்பியே அந்த மாதிரி, அம்மாகூட இருக்க ஆசை, அங்க புது ஸ்கூல் புடிச்சிருக்கு, அப்பாவ லீவுக்குப் பாத்துக்கறேன். இவ்வளவுதான், சொல்லுன்னேன். முதல் ரெண்டு நாள் பாதியிலயே நின்னுடுவா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. நீங்க அவங்ககிட்ட இதைச் சொல்லாதீங்க, பாப்பா தானா வந்தான்னு இருக்கட்டும்.

அன்னைக்கு ஜட்ஜம்மா ரூம்ல இருந்து வெளிய வந்ததும் நேரா எங்கிட்டதான் ஓடி வந்தா. எல்லாரும் பாக்கறாங்க. என்னக் குனியச் சொல்லிக் காதுல சொன்னா, ஒரு வார்த்தை கூட மறக்கலப்பான்னு.

கெட்டிக்காரின்னேன்.